நெறிக்கட்டியும் நுண்பெருக்கியும்

கழுத்திலோ, அக்குளிலோ, தொடையிடுக்கிலோ தோன்றும் கட்டியை 'நெறி கட்டியிருக்கிறது' என்று நம் மக்கள் சொல்வது வழக்கம். காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கிலும், பல் சொத்தையானால் தாடையின் கீழும், தலையில் பேனும் புண்ணும் மிகுந்தால் பிடரியிலும் நெறி கட்டுவதை எல்லோரும் அறிவர். மூலகாரணம் நீங்கியதும் இவ்வகைக் கட்டிகள் தாமே வற்றிவிடும். ஆனால் சில கட்டிகள் வற்றுவதில்லை. வலியின்றி, சிவப்பின்றி, வாரக்கணக்கில் நிலைத்து நின்று, மெல்ல மெல்லப் பெருக்கின்றன. அவற்றுட் பல காசநோயால் விளைவன. சில, நிணநீர் மண்டலத்தைப் பற்றும் புற்றுநோயாகிய லிம்போமாவால் விளைவன. பார்வைக்கும் கைக்கும் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. இவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு நோய்க்குறியியல் துறையைச் சார்ந்தது. அத்துறை அறிஞர்கள் இதனை எவ்வாறு செய்கின்றனர், அதில் களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றக்கூடிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிணநீர்க் கணுக்களின் தொழில்

இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களை நனைக்கும் தெளிந்த நீரின் ஒரு பகுதி, நுண்ணிய நாளங்களின் வழியாக மீண்டும் இரத்தத்தை அடைகிறது. இதுவே நிணநீர். செல்லும் வழியில் அது அவரை விதை வடிவான சிறு உறுப்புக்களைக் கடந்து செல்கிறது. இவையே நிணநீர்க் கணுக்கள். மனித உடலில் இவை ஏறத்தாழ 600 உள்ளன. ஊருக்குள் நுழைவோரைச் சோதிக்கும் சுங்கச் சாவடிபோல், நிணநீரோடு வரும் கிருமிகளை இவை தடுத்து நிறுத்துகின்றன.

கணுவினுள் காவல் புரிவன லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள். இவற்றில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. எலும்பு மஜ்ஜையில் உருவாகி, கிருமிகளுக்கு எதிர்ப்பொருள்களைச் சுரப்பன பி அணுக்கள்; மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து, நோயுற்ற அணுக்களை நேரே தாக்கியும் பிற அணுக்களை ஏவியும் பணி செய்வன டி அணுக்கள். கிருமி வந்தவுடன் இவை பல்கிப் பெருகுவதால் கணு வீங்குகிறது. இது உடலின் இயல்பான எதிர்ப்பேயன்றி நோயன்று.

காசநோயில் நிகழ்வது வேறு. காசக் கிருமியை எளிதில் அழிக்க இயலாத உடல், அதனைச் சுற்றி அணுக்களை வேலிபோல் அடுக்குகிறது. அவ்வேலியின் நடுவிலுள்ள திசு மாண்டு பாலாடைக் கட்டிபோல் ஆகிறது. இறுதியில் கட்டி உடைந்து சீழ் வடிவதும் உண்டு. நம் பழைய வைத்திய நூல்கள் கண்டமாலை என்று குறித்த நோய் பெரும்பாலும் இதுவேயாம். லிம்போமாவிலோ, வெளிப்பகைவன் எவனுமில்லை. காவலணு ஒன்றே கட்டுப்பாட்டை இழந்து, தன்னை ஒத்த அணுக்களை எல்லையின்றிப் பெருக்கி, கணுவின் ஒழுங்கான அமைப்பை அழித்துவிடுகிறது.

எழுபது ஆண்டுக் குழப்பம்

இவ்விரு நோய்களையும் பிரித்தறிய மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்றது. லண்டனில் கை மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின், கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த ஏழு நோயாளிகளைப் பற்றி 1832ல் எழுதினார். 1865ல் சாமுவேல் வில்க்ஸ் என்பவர் அந்நோய்க்கு ஹாட்ஜ்கின் நோய் என்று பெயர் சூட்டினார். ஹாட்ஜ்கின் கண்களால் மட்டுமே பார்த்து எழுதினாராதலின், அவ்வேழு பேருள் சிலருக்கு இருந்தது வேறு நோய் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று.

1898ல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க், இக்கணுக்களில் வழக்கத்திற்கு மாறான பேரணுக்களைக் கண்டு விவரித்தார். ஆனால் நோயைக் காசத்தின் ஒரு விசித்திர வகை என்றே எண்ணினார். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்தில் பணியாற்றிய டாரதி ரீட் என்னும் பெண்மணி 1902ல் அதே அணுக்களை நுட்பமாக வரைந்து காட்டி, இது காசநோயன்று, தனி நோயே என்று நிறுவினார். இருவர் பெயராலும் அவ்வணு இன்று ரீட்–ஸ்டெர்ன்பெர்க் அணு எனப்படுகிறது. இரு உட்கருக்கள் அருகருகே அமைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிய புள்ளியொன்று நிற்பதால், அது ஆந்தையின் முகம் போலத் தோன்றும். நோயுற்ற கணுவில் இவ்வணுக்கள் மிகச் சிலவே. எஞ்சியவை அவற்றைச் சூழ்ந்த சாதாரண அணுக்கள். அவ்வாறு சிதறிக் கிடக்கும் சிலவற்றைத் தேடிக் காண்பதே ஆய்வாளரின் பணி. அவை திரிந்துபோன பி அணுக்களே என்பது 1990ஆம் ஆண்டுகளில்தான் உறுதியாயிற்று.

லிம்போமாக்களுள் ஹாட்ஜ்கின் வகை ஒன்று. அதற்குப் புறம்பானவை மிகப் பல. அவற்றுள் ஒன்றைக் கண்டவர் கள ஆராய்ச்சியின் பயனை உலகுக்கு உணர்த்தினார். உகாண்டா நாட்டில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் தோன்றி விரைந்து வளரும் கட்டியைப் பற்றி 1958ல் எழுதினார். பிறகு பல மருத்துவமனைகளுக்குப் படங்களுடன் வினாத்தாள்களை அனுப்பி, 1961ல் தோழர் இருவருடன் மோட்டார் வண்டியில் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து, அக்கட்டி காணப்படும் ஊர்களையும் காணப்படாத ஊர்களையும் வரைபடத்தில் குறித்தார். அவ்வெல்லை வெப்பமும் மழையும் மிகுந்து மலேரியா நிலவும் பகுதிகளோடு பொருந்தியிருந்தது. அவர் அனுப்பிய திசுவிலிருந்து 1964ல் எப்ஸ்டைன்–பார் வைரஸ் கண்டறியப்பட்டது. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, ஒழுங்கான வினாவினாலும் குறிப்பினாலும் தொடங்கிய ஆராய்ச்சி இது.

மண்ணீரலில் கண்ட மற்றொரு காரணம்

நெடுநாட் காய்ச்சலும் உறுப்பு வீக்கமும் புற்றுநோயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வில்லியம் லீஷ்மன் 1903ல், டம்டம் பாசறையில் நோயுற்ற படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுருக்களைப் பற்றி வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டானவன், தம் நோயாளிகளின் மண்ணீரலில் அவற்றையே கண்டார். அவை காலா அசார் நோயின் ஒட்டுண்ணிகள். வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு மலேரியா, காலா அசார், இரத்தப் புற்று, லிம்போமா ஆகிய நான்கும் ஒரே வீங்கிய மண்ணீரலாகவே தென்படும். கண்ணாடித் தகட்டின்மீதுதான் அவை வெவ்வேறாகப் பிரிகின்றன. லீஷ்மன் பெயரால் வழங்கும் இரத்தச் சாயம் இந்நாளிலும் நம் ஆய்வகங்களில் பயன்பட்டு வருகிறது.

கணுவிலிருந்து கண்ணாடித் தகடு வரை

நெறிக்கட்டியைச் சோதிக்கும் முதல் முறை ஊசி உறிஞ்சல். மெல்லிய ஊசியைக் கணுவிற் செலுத்திச் சில அணுக்களை உறிஞ்சி, தகட்டிற் பரப்பிச் சாயமேற்றிப் பார்ப்பர். செலவு குறைவு, சில நிமிடங்களில் முடிவது, வெளிநோயாளர் பகுதியிலேயே செய்யத்தக்கது. காசநோயை நாடும்போது இது பெரிதும் உதவும். சில அணுக்களைத் தகட்டிலும், சிறிது பொருளைக் கிருமிச் சோதனைக்கும் ஒதுக்குதல் நலம்.

ஆனால் இம்முறைக்கு எல்லையுண்டு. ஒரு கட்டடத்திலிருந்து சில செங்கற்களைப் பெயர்த்து எடுத்து வந்தால், செங்கல்லின் தரம் தெரியுமேயன்றிக் கட்டடத்தின் அமைப்பு தெரியாது. லிம்போமாவை வகைப்படுத்துவதற்கு அணுக்களின் வடிவம் மட்டும் போதாது. அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதும் தெரிதல் வேண்டும். மேலும், காசநோயில் காணும் வேலி அமைப்பு சில வேளைகளில் ஹாட்ஜ்கின் நோயுற்ற கணுவிலும் உடன் தோன்றும். ஊசி முனை அப்பகுதியில் மட்டும் பட்டுவிடின், 'காசமாக இருக்கலாம்' என்ற முடிவே வரும். ஆகையால் லிம்போமா என்ற ஐயம் எழுந்தால், கணுவொன்றை முழுவதுமாக அறுத்தெடுத்துச் சோதிப்பதே சிறந்த முறை.

எடுத்த கணுவைப் பாதுகாப்பதிலேதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. திசு உலர்ந்தாலும் அழுகினாலும் அணுக்கள் சிதைந்துவிடும். நூற்றுக்குப் பத்து வீதமான பார்மலின் கரைசலில், திசுவின் பருமனைப் போல் பத்து மடங்கு அளவில், அகன்ற வாயுள்ள புட்டியில் இட்டு அனுப்புதல் வேண்டும். பார்மலின் திசுவைப் பதப்படுத்தும். அதே வேளையில் கிருமிகளைக் கொன்றுவிடும். எனவே கிருமி வளர்ப்புச் சோதனைக்குரிய துண்டைப் பார்மலினில் இடாமல், கிருமி நீக்கிய உப்புநீரில் தனியே அனுப்பவேண்டும். கணு முழுவதையும் பார்மலினில் இட்டுவிட்டால், பின்னர் காசக் கிருமியை வளர்த்துக் காண வழியில்லை.

ஆய்வகத்தில், பதப்பட்ட திசுவின் நீரைச் சாராயத்தால் நீக்கி, உருகிய பாரபின் மெழுகை ஊட்டிக் கட்டியாக்குகின்றனர். மைக்ரோடோம் என்னும் கருவி அதனை மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனமுள்ள ஏடுகளாகச் சீவுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏடுகளுக்கு ஹீமடாக்ஸிலின் நீலநிறத்தையும் இயோசின் இளஞ்சிவப்பையும் ஊட்ட, உட்கருவும் அணுவுடலும் தனித்தனியே விளங்கித் தோன்றும்.

அணுக்களின் அடையாளச் சின்னங்கள்

பி அணுவும் டி அணுவும் நுண்பெருக்கியில் ஒன்றுபோலத் தோன்றும். சீருடையின்றி நிற்கும் இரு படைவீரரை முகம் பார்த்து இன்ன படையினர் என்று சொல்ல இயலாதது போன்றதே இது. ஆனால் ஒவ்வொரு வகை அணுவும் தன் மேற்புறத்தில் தனக்கே உரிய புரதங்களைச் சின்னம்போல் தாங்கியிருக்கிறது. சி.டி. 20 என்னும் சின்னம் பி அணுக்களுக்கும், சி.டி. 3 என்பது டி அணுக்களுக்கும் உரியது. ரீட்–ஸ்டெர்ன்பெர்க் அணுக்கள் பெரும்பாலும் சி.டி. 30, சி.டி. 15 ஆகியவற்றைக் காட்டும்.

ஒரு சின்னத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையை 1975ல் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் கண்டனர். 1984ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். அவ்வெதிர்ப்பொருளோடு நிறம் தரும் பொருளை இணைத்துத் திசு ஏட்டின்மீது இட்டால், சின்னமுள்ள அணுக்கள் மட்டும் பழுப்பு நிறம் பெறும். பெயர் சொல்லி அழைத்தால் அப்பெயருடையோன் மட்டும் கை தூக்குவது போன்றது இது.

இம்முறையால் விளைந்த பயனுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2773 நோயாளிகளின் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களை ஆராய்ந்த முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அவற்றுள் நூற்றுக்கு 79 வீதம் பி அணு வகையும், 16 வீதம் டி அணு வகையுமாக இருந்தன. மிகுதியாகக் காணப்பட்ட தனி வகை, பரவிய பெரும் பி அணு லிம்போமா. அது நூற்றுக்கு 34 வீதம். இப்பிரிவு வெறும் பெயரளவில் நிற்பதன்று. சி.டி. 20 சின்னத்தைத் தாக்கும் மருந்து 1997 முதல் வழக்கில் உள்ளது. அச்சின்னம் உள்ளவருக்கே அது பயன்படும். இல்லாதவருக்கு அது வீண் செலவு.

இரத்தமும் எலும்பு மஜ்ஜையும்

நிணநீர்க் கணுவைப் போலவே இரத்தமும் ஒரு திசு. 1845ல் ருடால்ப் விர்ச்சோ, வெள்ளணுக்கள் மிகுந்து வெளிறிய இரத்தத்தை விவரித்தார். லூகீமியா என்று நோய்க்குப் பெயரிட்டவரும் அவரே. ஒரு துளி இரத்தத்தைத் தகட்டிற் பரப்பிச் சாயமேற்றிப் பார்ப்பது மிக எளிய சோதனை. ஐயம் எழுந்தால் இடுப்பெலும்பின் பின்விளிம்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பர்.

இங்கும் போலித் தோற்றம் உண்டு. வைட்டமின் பி12, போலிக் அமிலம் ஆகியவற்றின் குறைவால் மூவகை இரத்த அணுக்களும் குறைந்து, இரத்தப் புற்றோ என்று அஞ்சும் நிலை தோன்றக்கூடும். மஜ்ஜையைப் பார்த்தால் உண்மை விளங்கும். விலைகுறைந்த வைட்டமினே நோயைத் தீர்த்துவிடும்.

போலிக் அமிலத்தின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1928ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளரின் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டுச் சாரத்தால் அது நீங்குவதைக் கண்டார். அச்சாரத்தில் இருந்தது போலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், தம் குழுவினருடன் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டார். இரத்தம் பெருக அவ்வமிலம் தேவை எனின், அதனைத் தடுத்தால் லூகீமியா அணுக்கள் பெருகுவதும் தடைப்படவேண்டும் அன்றோ? அக்கருத்தின்படி அவர் குழுவினர் ஆக்கிய எதிர்மருந்தைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி பார்பர் என்பவர் லூகீமியா நோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகக் குணம் கிடைக்கச் செய்து 1948ல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் வழிவந்த மெதோடிரெக்சேட் இன்றும் லூகீமியாவுக்கும் சில லிம்போமாக்களுக்கும் வழங்கப்படுகிறது.

பெங்களூரும் நோய் நிர்ணயமும்

காசநோய், புற்றுநோய் ஆகிய இரண்டையும் ஆராயும் நிலையங்கள் அமைந்த நகரம் பெங்களூர். தேசியக் காசநோய் நிலையம் அங்கு 1959ல் நிறுவப்பட்டது. கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973ல் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1982ல் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் மக்களைக் கொண்டு பதிவைத் தொடங்கிற்று. பெங்களூர்ப் பதிவேடு கித்வாய் நிலையத்தில் அமைந்தது. காசக் கிருமியின் மரபுப்பொருளைக் காணும் ட்ரூநாட் கருவியும் பெங்களூரிலுள்ள பிக்டெக் ஆய்வகத்தில் உருவானதே. மின்கலத்தால் இயங்கும் அதனைச் சிறிய சுகாதார நிலையங்களிலும் பயன்படுத்தலாம். அதனை உலக சுகாதார நிறுவனம் 2020ல் ஏற்றுக்கொண்டது.

ஆயினும், நிலையங்கள் நகரில் இருப்பதால் மட்டும் நோய் தெரிந்துவிடாது. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியைக் கருதுக. தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் நெருக்கமான குடியிருப்பு அது. அங்குள்ள பள்ளியொன்றில் பயிலும் பதினைந்து வயது மாணவனுக்குக் கழுத்தில் வலியற்ற கட்டி தோன்றுவதாகக் கொள்வோம். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு ஆகியவையும் சேர்கின்றன. இவை காசநோய்க்கும் பொருந்தும். ஹாட்ஜ்கின் நோய்க்கும் பொருந்தும். இவ்வயதினரை இரண்டுமே பற்றக்கூடியவை. நம் நாட்டில் காசம் மிகுதியாதலின், மருத்துவர் முதலில் அதனை நினைப்பது இயற்கையே. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தவறு நேர்வது, சோதனையின்றி மருந்து தொடங்கிவிட்டு, கட்டி குறையாத போதும் மாதக்கணக்கில் காத்திருப்பதில்தான்.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. காசநோய்க்குச் சரியான மருந்து உண்ணும்போதே சிலருக்குக் கணு முதலில் சற்றுப் பெருப்பதுண்டு. எனவே பெருத்தவுடன் மருந்தை நிறுத்திவிடுவதும் பிழையாகும். மருத்துவரிடம் திரும்பச் சென்று மறுசோதனை கேட்பதே முறை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், குழந்தைகளின் கணுக்காசத்தைத் திசுச் சோதனையால் முதலில் உறுதி செய்துகொண்டு, குறுகிய கால மருந்து முறையால் நல்ல பலன் கண்டு 1990ல் வெளியிட்டனர். முதலில் நிர்ணயம், பின்னர் மருந்து என்னும் அவ்வரிசை கருதத்தக்கது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

1. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை வற்றாத கட்டியை மருத்துவருக்குக் காட்டச் செய்தல் வேண்டும். காறை எலும்பின் மேற்குழியில் தோன்றும் கட்டியைச் சிறிதாயினும் தாமதியாது காட்டவேண்டும்.

2. கட்டி தோன்றிய நாள், அளவு, காய்ச்சல், வியர்வை, உடலெடை ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்தல் வேண்டும். ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைதல் முக்கிய அறிகுறி. பள்ளிகளில் எடைப் பதிவேடு இருப்பின் அதுவே சான்றாகும்.

3. நோய் இன்னதென்று தெரியுமுன் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ளுவதைத் தடுக்கவேண்டும். அது லிம்போமாக் கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, திசுச் சோதனையையும் குழப்பிவிடும்.

4. கட்டியைச் சூடு போடுதல், பச்சிலை கட்டிப் பழுக்கவைத்தல், கீறிவிடுதல் ஆகியவை கூடா.

5. ஊசிச் சோதனையின் முடிவு 'நோயில்லை' என வந்த பின்னரும் கட்டி வளர்ந்தால், கணுவை எடுத்துச் சோதிக்குமாறு கோரவேண்டும்.

6. சோதனைக்குச் செல்லும் திசுவோடு நோயாளியின் வயது, கட்டியின் இடம், கால அளவு, உண்ட மருந்துகள் ஆகியவற்றை எழுதி அனுப்புதல் அவசியம். குறிப்பின்றி வந்த திசுவைக் கொண்டு ஆய்வாளர் பாதி முடிவே கூற இயலும்.

7. ஆய்வு முடிவுத் தாளையும், திசுவைப் பொதிந்த மெழுகுக் கட்டி எங்குள்ளது என்ற விவரத்தையும் நோயாளி பாதுகாத்தல் வேண்டும். அக்கட்டியிலிருந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் புதிய ஏடு சீவிச் சோதிக்கலாம்.

8. 'கத்தி பட்டால் கட்டி பரவும்' என்ற அச்சம் மக்களிடையே மிகுதி. கணுவை எடுத்துச் சோதிப்பதால் லிம்போமா பரவுவதில்லை என்பதை அமைதியாக எடுத்துரைக்கவேண்டும்.

முடிவுரை

ஹாட்ஜ்கின் நோய் இன்று புற்றுநோய்களுள் பெரிதும் குணமாகத்தக்க ஒன்று. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். கணுக்காசமும் முறைப்படி ஆறு மாதம் மருந்து உண்டால் தீர்வதே. இரண்டும் தீரக்கூடிய நோய்களாயிருக்க, ஒன்றை மற்றொன்றெனக் கொண்டு கழிந்துபோகும் மாதங்களே உயிருக்கு ஆபத்தாகின்றன. அம்மாதங்களை மிச்சப்படுத்தும் முதல் வாய்ப்பு, மாணவனின் கழுத்தை நாள்தோறும் காணும் ஆசிரியருக்கும் வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கும் உரியது. நுண்பெருக்கியின் பணி அவர்களுக்குப் பின்னரே தொடங்குகிறது.